சிங்கப்பூரில் பெயிண்டிங் கான்டிராக்ட் எடுக்கப் போகிறீர்களா? லைசென்ஸும் செலவும் சட்டமும்

ஈசூனில் நானும் என் அண்ணனும் ஒரு சின்ன பெயிண்டிங் கம்பெனி நடத்துகிறோம். சுவரும் ரோலரும் ஆட்களும் அண்ணன் பொறுப்பு. பதிவு, பெர்மிட், இன்ஷூரன்ஸ், கொட்டேஷன், வசூல் எல்லாம் என் மேசைக்கு வரும். சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, பெயிண்டிங் லைசென்ஸ் எங்கே எடுப்பது?”

அப்படித் தனியாக ஒரு லைசென்ஸ் இங்கே கிடையாது. மின்சார வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். குழாய் வேலைக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் வேண்டும். கட்டட, கட்டுமான ஆணையம் கொடுக்கும் பில்டர் லைசென்ஸ், வரைபட ஒப்புதல் தேவைப்படும் கட்டுமான வேலைகளுக்கானது. வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது இதில் எதிலும் வராது.

லைசென்ஸ் இல்லை என்பதால் சட்டமும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனிக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம், ஏணிக்கு ஒரு சட்டம், பெயிண்ட் டப்பாவுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவு உங்கள் கொட்டேஷனுக்குள் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு விலை சொல்பவர், யாரோ ஒரு தொழிலாளியின் இன்ஷூரன்ஸிலோ சம்பளத்திலோ கை வைத்துத்தான் அந்த விலையைச் சொல்கிறார். இதை நான் எல்லாரிடமும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்.

கம்பெனி பதிவு

இதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையமான ஆக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வைத்து நுழைந்து செய்யலாம். தனி உரிமையாளர் நிறுவனம் என்றால் பெயரைப் பதிவுசெய்ய 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் பதிவுக் கட்டணம் 160 வெள்ளி. பிரைவேட் லிமிடெட் என்றால் பெயருக்கு அதே 15, பதிவுக்கு 300 வெள்ளி. அதற்குப் பிறகு கம்பெனி செகரட்டரி, ஆண்டு அறிக்கை என்று வருடா வருடம் செலவு தொடரும். தனி உரிமையாளராகப் பதிவதற்கு முன் உங்கள் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கட்ட வேண்டிய பாக்கி இருந்தால் அதை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவு நகராது.

இரண்டில் எது என்று கேட்டால் என் பதில் இது. நீங்களும் இன்னொருவரும் மட்டும் வீட்டுக்குள் வேலை செய்கிறீர்கள் என்றால் தனி உரிமையாளர் போதும். ஆட்களை ஏணியில் ஏற்றப் போகிறீர்கள், கொண்டோக்களில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகளில்) வேலை எடுக்கப் போகிறீர்கள் என்றால் லிமிடெட் கம்பெனியாகவே தொடங்குங்கள். தனி உரிமையாளர் நிறுவனத்தில் கடனும் நஷ்டஈடும் உங்கள் சொந்தச் சொத்து வரை வரும்.

வீட்டு முகவரியில் நடத்துவதற்கு வீட்டு அலுவலகத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 20 வெள்ளி. கணக்கு எழுதலாம், போன் பேசலாம். ஆனால் பெயிண்ட் டிரம்களையும் தின்னரையும் வீட்டில் அடுக்கி வைக்க அது அனுமதி இல்லை. தின்னர் போன்ற தீப்பிடிக்கும் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கக் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் வேண்டும். நாங்கள் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வாங்குகிறோம், மிச்சத்தை வைத்துக்கொள்வதில்லை.

பொருள் சேவை வரியில் ஒரு விஷயம். ஆண்டு மொத்த விற்பனை வருமானம் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு செய்யாத கம்பெனி கொட்டேஷனில் 9 விழுக்காடு என்று ஒரு வரி சேர்த்து வாங்கக் கூடாது. அது குற்றம். ரசீதுகளையும் கணக்குகளையும் ஐந்து ஆண்டு பத்திரமாக வையுங்கள்.

ஆட்கள்

இங்கேதான் நான் நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

வேலை பெர்மிட்டில் இருக்கும் ஒரு தம்பி, தன் முதலாளி யாரோ அவருக்கு மட்டும், பெர்மிட்டில் எழுதியிருக்கும் வேலையை மட்டும்தான் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் “ஒரு ரூம்தான், கைக்காசு கிடைக்கும்” என்று யாராவது கூப்பிட்டால் போகக் கூடாது. பிடிபட்டால் அவருடைய பெர்மிட் போகும், ஊருக்கு அனுப்பப்படுவார், திரும்பி வர முடியாமலும் போகலாம். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஊரில் வட்டியோடு நிற்கும். கூப்பிட்டவரும் தப்ப முடியாது: செல்லுபடியாகும் அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். புதுக்கோட்டையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அறுபது வெள்ளி கொடுத்து வேலை வாங்கி, அவர்கள் வாழ்க்கையைப் பணயம் வைப்பவரை நான் கான்டிராக்டர் என்று சொல்ல மாட்டேன்.

பெர்மிட்டில் இருக்கும்போதே தன் பெயரில் கம்பெனி தொடங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். முடியாது. வேறொருவர் பெயரில் பதிந்து இவர் நடத்துவதும் அதே குற்றத்தின் இன்னொரு வடிவம்தான்.

சரி, முறைப்படி ஆள் எடுப்பது எப்படி? கட்டுமானத் துறையில் 2024 ஜனவரி முதல் உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு ஐந்து வெளிநாட்டு ஊழியர் என்பது வரம்பு. அதற்கு முன் ஏழாக இருந்தது. உள்ளூர் ஊழியரை முழு ஆளாகக் கணக்கில் எடுக்க அவருக்குக் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் கொடுக்க வேண்டும். 2024 ஜூலையில் அது 1,600 வெள்ளி ஆனது. இந்த எண் மாறிக்கொண்டே இருப்பதால், ஆள் எடுக்கும் மாதத்தில் மனிதவள அமைச்சின் தளத்தைத் திறந்து பாருங்கள். 55 வயது வரையுள்ள உள்ளூர் ஊழியருக்கு முதலாளி கட்ட வேண்டிய மத்திய சேமநிதி 17 விழுக்காடு.

வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாத வரியான லெவி, இந்தியா, பங்ளாதேஷ் போன்ற நாடுகளிலிருந்து வரும் உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி. மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளி பிணைப்பத்திரம். மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்க வேண்டும். இதற்கு மேல் தங்குமிடம், போக்குவரத்து.

லெவியை ஒரு நாள் கணக்காக மாற்றிப் பாருங்கள். மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால் 500 வெள்ளி லெவி ஒரு நாளைக்குச் சுமார் 19 வெள்ளி. 900 வெள்ளி என்றால் சுமார் 35. மூன்று பேர் இரண்டு நாள் ஒரு வீட்டில் நின்றால், அவர்கள் ஒரு பிரஷைத் தொடுவதற்கு முன்பே 115 முதல் 208 வெள்ளி வரை லெவியாகப் போய்விடும். வேலை இல்லாத நாளிலும் லெவி ஓடும். சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முன்னால் போன் அடித்துக்கொண்டே இருக்கும், பண்டிகை முடிந்த மறு வாரம் அமைதியாகிவிடும். அந்த அமைதியான வாரங்களின் லெவியையும் பரபரப்பான வாரங்களின் வேலைதான் கட்ட வேண்டும்.

வேலையிட காயத்துக்கான இழப்பீட்டுக் காப்புறுதி, உடலுழைப்பு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் கட்டாயம். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் சரி, உள்ளூர் ஆளாக இருந்தாலும் சரி. எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. 2025 நவம்பர் முதல் மரணத்துக்கான இழப்பீடு 91,000 முதல் 269,000 வெள்ளி வரை, மருத்துவச் செலவு வரம்பு 53,000 வெள்ளி. ஏணியிலிருந்து ஒருவர் விழுந்து முதுகெலும்பு முறிந்தால், காப்புறுதி இல்லாத சின்ன கம்பெனி அன்றோடு முடிந்தது. விழுந்தவரின் குடும்பமும் தவித்துப் போகும். தனி உரிமையாளராகிய நீங்கள் ஊழியர் இல்லை என்பதால் இந்தக் காப்புறுதி உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கென்று தனி விபத்துக் காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வீடு, எந்த விதி

வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டின் உள்ளே பெயிண்ட் மட்டும் அடிப்பதற்கு வீவக அனுமதி தேவையில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், வேலைக்கு நடுவில் வீட்டுக்காரர் “அப்படியே இந்தச் சுவரையும் எடுத்துவிடுங்களேன், பாத்ரூம் ஓடும் மாற்றிவிடுங்களேன்” என்பார். அது அனுமதி வேண்டிய சீரமைப்பு வேலை. வீவக பட்டியலில் உள்ள சீரமைப்புக் கான்டிராக்டர்தான் செய்யலாம். முடியாது என்று சொல்லி, பட்டியலில் இருப்பவரிடம் அனுப்பிவையுங்கள். வேலை நேரம் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை என்று வையுங்கள். சுவரைச் சுரண்டும் மெஷின் சத்தம் போட்டால் சத்தமான வேலைக்கான நேரம் இன்னும் குறுகியது: வார நாள்களில் மாலை 5 மணியோடு நிறுத்த வேண்டும், சனிக்கிழமை கூடாது.

கம்பிக் கதவு வீட்டுக்காரருடையது, அடிக்கலாம். கதவுக்கு வெளியே உள்ள நடைபாதைச் சுவர் நகர மன்றத்தின் பொறுப்பு. “வீட்டுக்கு மேட்ச்சாக இருக்கும்” என்று யார் கேட்டாலும் அங்கே ரோலர் வைக்காதீர்கள்.

புது பிடிஓ வீடு (முன்பதிவின் பேரில் வீவக கட்டிக் கொடுக்கும் புது வீடு) என்றால், சாவி வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குக் குறைபாடுகளைச் சரிசெய்யும் காலம் உண்டு. சுவரில் விரிசல், ஈரத் தடம் இருந்தால் முதலில் புகார் கொடுத்துச் சரிசெய்த பிறகு பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டின் பாத்ரூம் கூரையில் சிமெண்ட் உப்பி, துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அதன்மேல் பட்டி வைத்து மறைக்கவே கூடாது. அதை வீவகவிடம் சொல்ல வேண்டும்.

கொண்டோவில் நிர்வாக அலுவலகம்தான் எல்லாம். திருப்பித் தரும் முன்பணம், ஆட்களின் பெயர்ப் பட்டியல், பொதுப் பொறுப்புக் காப்புறுதி, எந்த லிஃப்ட்டைப் பயன்படுத்தலாம் என்பது வரை எழுதிக் கொடுப்பார்கள். ஒரு கொண்டோவில் லிஃப்ட் தரையில் ஏற்கெனவே இருந்த வெள்ளைக் கறையைக் காட்டி எங்கள் முன்பணத்தைப் பிடித்தார்கள். உள்ளே நுழைந்த காலையில் காவலாளி பக்கத்தில் நிற்க அண்ணன் எடுத்திருந்த படம்தான் அதைத் திருப்பி வாங்கிக் கொடுத்தது. லிஃப்ட், நடைபாதை, கதவு நிலை, சோபா எல்லாவற்றையும் வேலை தொடங்கும் முன் படம் எடுத்துவிடுங்கள்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பழைய கடைவீடு வேலை வந்தால் வேறு கவனம் வேண்டும். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் முகப்பில் கை வைக்க வேண்டும். அந்தச் செங்கல் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு போட்டவை, மூச்சு விடும் சுவர்கள். அதன்மேல் பிளாஸ்டிக் மாதிரி மூடிக்கொள்ளும் பெயிண்ட்டை அடித்தால் உள்ளே ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் ஒரு மழைக்காலத்திலேயே தோல் உரிந்துவிடும்.

அரசாங்க வேலை, நகர மன்றத்தின் புளோக் பெயிண்டிங் போன்றவற்றுக்கு டெண்டர் போடக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் கான்டிராக்டர் பதிவு வேண்டும். அது தொடங்கும் ஆளுக்கான வேலை இல்லை.

உயரம்

வீவக அறையின் கூரை சுமார் 2.6 மீட்டர். நல்ல மேடை ஏணியும் நீளக் கம்பு ரோலரும் இருந்தால் போதும். தரை வீட்டின் (அடுக்குமாடி அல்லாத, சொந்த நிலத்தில் நிற்கும் வீட்டின்) மாடிப்படிச் சுவர், மெசனைன் என்ற இடைமாடி உள்ள கொண்டோ ஹால், தரை வீட்டின் வெளிச்சுவர் என்று வரும்போது கதை மாறும். மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழும் வாய்ப்பு இருந்தால், உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகளின்படி வேலை தொடங்கும் முன் எழுத்துமூல அனுமதிமுறை வேண்டும், ஆட்களுக்குப் பயிற்சி வேண்டும், விழாமல் தடுக்கும் திட்டமும் வேண்டும். 2014 மே முதல் இது எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்தும். நான்கு மீட்டரைத் தாண்டும் சாரத்தை அங்கீகாரம் பெற்ற சாரக் கான்டிராக்டர்தான் கட்ட வேண்டும். ஆகவே தரை வீடு பார்க்கப் போனால் முதலில் படிக்கட்டுக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். சாரச் செலவைச் சேர்க்காமல் அந்த வீட்டுக்கு விலை சொல்லவே கூடாது.

டப்பாவுக்குள் இருப்பது

2022 முதல் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது. 2026 ஜனவரி முதல் வீட்டு உட்புறப் பெயிண்ட்டில் ஃபார்மால்டிஹைடு 0.01 விழுக்காட்டை எட்டக் கூடாது. பெயர் தெரியாத மலிவு டிரம், பழைய ஸ்டாக் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பெயிண்ட்டைச் சீல் உடையாத டப்பாவாக வீட்டுக்காரர் முன்னால் திறப்பது எங்கள் வழக்கம். மாவு கரைப்பது மாதிரி தண்ணீர் ஊற்றி நீட்டிவிடுவார்களோ என்ற சந்தேகம் அதோடு போய்விடும்.

பழைய கம்பிக் கதவு, ஜன்னல் கிரில் இவற்றின் அடியில் இருக்கும் பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்துத் தூசியைக் கிளப்பாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், பக்கத்து வீட்டுச் செருப்பு ரேக்கையும் மூடுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்று அங்கே இருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிரஷ் கழுவிய தண்ணீரை வெளிச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. இங்கே மழைநீர்க் கால்வாய்கள் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன, நாம் குடிக்கும் தண்ணீர் அது. தின்னரை எந்தக் குழியிலும் ஊற்றாதீர்கள். டப்பாவில் மூடி வைத்து, உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

கொட்டேஷன் எழுதுவது

“நான்கறை வீடு, எவ்வளவு?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் நான் எண் சொல்வதில்லை, போய்ப் பார்த்துத்தான் சொல்வேன். விளம்பரங்களில் நான்கறை வீட்டுக்கு ஆயிரம் வெள்ளிக்குக் கீழேயும் விலை பார்க்கலாம், இரண்டாயிரத்துக்கு மேலும் பார்க்கலாம். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைச் சுவரை அளந்தால்தான் காட்ட முடியும்.

ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர். சுற்றளவு 14. கூரை உயரம் 2.6 என்றால் சுவர் 36 சதுர மீட்டருக்குச் சற்று மேலே. கதவு, ஜன்னல், சுவரோடு பொருத்திய அலமாரி போகச் சுமார் 30 என்று வையுங்கள். இரண்டு கோட் என்றால் 60 சதுர மீட்டர். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும், ரோலரிலும் தட்டிலும் போகும் சேதத்தைச் சேர்த்து லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்றுதான் நான் கணக்குப் போடுவேன். ஆக 6 லிட்டர். ஐந்து லிட்டர் டப்பா ஒன்று அந்த அறைக்குப் போதாது. ஐந்து லிட்டரில் முடித்துக் காட்டுகிறவர் தண்ணீர் கலந்திருப்பார், அல்லது இரண்டாவது கோட்டைச் சில சுவர்களில் விட்டிருப்பார்.

அப்புறம் சுவரின் நிலை. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் சீலர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் புதுப் பெயிண்ட் நிற்காது. சமையலறைப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கழுவ அரை நாள் வேண்டும். சாமி மாடம் இருக்கும் மூலையில் விளக்குப் புகை படிந்திருக்கும். அதற்குக் கறை தடுக்கும் சீலர் போடாவிட்டால் எத்தனை கோட் அடித்தாலும் மஞ்சள் மேலே வந்துவிடும். பூசணம் இருந்தால் முதலில் கொன்று, காயவிட்டு, அதன் பிறகுதான் பெயிண்ட். கரு நிறச் சுவரை வெள்ளையாக்க வேண்டும் என்றால் இன்னொரு கோட். இதெல்லாம் தனித் தனி வரியாகக் கொட்டேஷனில் வரட்டும்.

என் கொட்டேஷனில் எப்போதும் இருப்பவை: கம்பெனியின் பதிவு எண், ஒவ்வோர் அறைக்கும் பெயிண்ட்டின் பிராண்டும் ரகமும் நிறக் குறியீட்டு எண்ணும், சீலர் எத்தனை கோட், மேல் கோட் எத்தனை, கதவும் கிரில்லும் சேர்ந்ததா இல்லையா, சாமான் நகர்த்துவது யார், மூடும் பிளாஸ்டிக் யாருடையது, வேலை எத்தனை நாள், டச்சப் எந்தத் தேதிக்குள். பணம் மூன்று தவணை: தொடங்கும்போது 30 விழுக்காடு, முதல் கோட் முடிந்ததும் 40, ஒப்படைக்கும்போது 30. பாதிக்கு மேல் முன்பணம் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் ஆட்களால் வீட்டுக்காரர்கள் எல்லாரையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

நிறத்துக்கு வாய்ச்சொல் போதாது. அட்டையில் இளம் சாம்பலாகத் தெரிவது மாலை மஞ்சள் விளக்கில் ஊதாவாகத் தெரியும். முதல் நாளே சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அடித்துக் காட்டி, பகலிலும் இரவு விளக்கிலும் பார்க்கச் சொல்லி, “சரி” என்று செய்தி வந்த பிறகுதான் முழுச் சுவர்.

பணம் வராவிட்டால்

கட்டுமானத் துறையில் பணம் வசூலிப்பதற்கென்று இருக்கும் தனிச் சட்டம், வரைபட ஒப்புதல் தேவைப்படாத வீட்டு வேலைகளுக்குப் பொருந்தாது. நமக்கு இருப்பது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, நீங்களே பேச வேண்டும். கம்பெனி தாக்கல் செய்தால் 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குக் கட்டணம் 50 வெள்ளி, 10,000 வரை 100 வெள்ளி, அதற்கு மேல் கோரும் தொகையில் 3 விழுக்காடு. வீட்டுக்காரரும் இதே மன்றத்துக்கு உங்கள்மேல் வரலாம்.

போகும்போது கையெழுத்திட்ட கொட்டேஷன், நிறத்துக்கு “சரி” சொன்ன வாட்ஸ்அப் செய்தி, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், கூடுதல் வேலைக்கு வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட செய்தி, பெயிண்ட் வாங்கிய ரசீது இவற்றைத் தேதி வரிசையில் அச்செடுத்து எடுத்துப் போங்கள். கூடுதல் வேலை எதையும் தொடங்குவதற்கு முன்பே அதற்கான தொகையை எழுதி அனுப்பிப் பதில் வாங்கியிருந்தால், பெரும்பாலும் மன்றம் வரை போக வேண்டியே வராது.